முந்நூறாவது வரிக்கு ஒரு வீடு

நெருப்பு, சக்கரம், நான் எழுதிய அந்த ஒரு வரி. மனித குலத்தின் முக்கியமான கண்டுபிடிப்புகள் இவை மூன்றுதான். முதல் இரண்டில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

எந்த இரண்டு பட்டியல்களை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். ஒன்றில் ஆயிரம் பெயர் இருக்கட்டும், இன்னொன்றில் பத்தாயிரம் இருக்கட்டும். இரண்டிலும் இருக்கிறவர்கள் யார் யார் என்று கணினியில் ஒரே வரி எழுதி ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். நான் புள்ளியியல் கடைசி வருடம் படிக்கிறவன். இந்த விஷயத்தைக் கல்லூரி உணவகத்தில் சொன்னேன், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன், முடிதிருத்துகிறவரிடமும் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை என் காதருகே நிறுத்தி யோசித்தார்.

"அப்புறம் ஏன் தம்பி இன்னும் வேலைக்குப் போகலை?"

"படிப்பு முடியலைண்ணே."

"அதையும் ஒரே வரியில முடிச்சிர வேண்டியதுதானே?" என்றார்.

மேதைகளை உள்ளூரில் மதிப்பதில்லை.

நான் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். மாமா பேருந்து ஓட்டுநர். எங்கள் கட்டடத்துக்கு நாற்பது வயது. சுவரில் விரிசல் விழுந்திருந்தது. முதலில் அதில் ஒரு பேப்பரை நுழைக்கலாம்போல இருந்தது. பிறகு மாமா தன் சீப்பை அதில் செருகி வைக்கத் தொடங்கினார். சீப்புக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்கும் இடம் வந்தபோது பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பதிலுக்குப் புதுக் கட்டடத்தில் வீடு கொடுப்பார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பட்டியல்களிலும் பெயர் இருக்க வேண்டும். ஒன்று, வீடு கேட்டு வரிசையில் நின்று எழுதிக்கொடுத்தவர்களின் விண்ணப்பப் பட்டியல். மற்றது, அதிகாரிகள் வீடு வீடாக வந்து யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிய ஆய்வுப் பட்டியல். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வதற்கென்றே ஒரு துறை இருந்தது. அதன் பெயர் பட்டியல் ஒப்பீட்டுத் துறை. அதற்கு மூன்று மாடி, ஒரு லிஃப்ட், தொண்ணூற்று நான்கு ஊழியர்கள்.

அந்தத் துறையிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஒரே சொல்தான். 'பொருந்தவில்லை.'

அக்கா அழவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் நேராக அந்த அலுவலகத்துக்குப் போனாள். வெளிச்சுவரில் இரண்டு பட்டியல்களையும் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் நின்று, விரலை வைத்து, வரி வரியாக இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டேய், ரெண்டுலயும் நான் இருக்கேன்டா. விண்ணப்பத்துல இருநூத்திப் பன்னெண்டாவது வரி. ஆய்வுல இருநூத்திப் பதிமூணாவது வரி. என் கண்ணால பாத்தேன்."

"விரலை வச்சுப் பாக்கறதெல்லாம் ஆதாரம் ஆகாதுக்கா" என்றேன். "அது கற்கால முறை. நான் பாத்துச் சொல்றேன், ஒரே வரியில."

"நீ ஒரு வரி எழுதறதுக்குள்ள கட்டடம் தலையில விழுந்திரும் மச்சான்" என்றார் மாமா, சீப்பை விரிசலிலிருந்து உருவிக்கொண்டே.

வாய்ப்பு தானாக வந்தது. கல்லூரியில் எல்லாருக்கும் ஒரு மாதப் பயிற்சி உண்டு. என் பேராசிரியர் என்னை அந்தத் துறைக்கே அனுப்பினார். "அங்க போயி ஒரு மாசம் வாயைக் குறைச்சிட்டு வா" என்று வாழ்த்தினார்.

நான் போன அன்று, துறை எங்கள் கட்டடத்தின் பட்டியலை இரண்டாம் முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. முதல் முறை பார்த்ததில் விண்ணப்பப் பட்டியலின் அறுநூற்றுப் பதினான்கு வரிகளில் இரண்டே இரண்டுதான் பொருந்தினவாம்.

ஒப்பீட்டுக் கூடம் முதல் மாடியில். நடுவில் நீளமான மேஜை. காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அம்மா பீரோவைத் திறந்து இரண்டு மர ஸ்கேல்களை எடுத்தார். வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். முதல் வாசிப்பாளர் விண்ணப்பப் பட்டியலில் முந்தின நாள் விட்ட இடமான மூன்றாவது வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். இரண்டாம் வாசிப்பாளர் ஆய்வுப் பட்டியலின் மூன்றாவது வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். இவர் ஒரு பெயரைச் சத்தமாகப் படித்தார். அவர் ஒரு பெயரைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவதாக ஒருவர் கண்ணை மூடி இரண்டையும் கேட்டுவிட்டு, "பொருந்தவில்லை" என்றார். அவருடைய பதவிக்கு முடிவுரைப்பாளர் என்று பெயர். பிறகு இரண்டு ஸ்கேல்களும் ஒரே நேரத்தில் ஒரு வரி கீழே இறங்கின.

நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். நாலாவது வரியோடு நாலாவது வரி. ஐந்தாவதோடு ஐந்தாவது. ஐந்தாவது வரியில் படித்த பெயர் எங்கள் தரைத்தள மிதிவண்டிப் பட்டறைக்காரருடையது. அதே பெயரை எதிர்ப்பட்டியலில் ஒன்பதாவது வரியில் படித்தார்கள். முடிவுரைப்பாளர் இரண்டு முறையும் கண்ணை மூடியபடி "பொருந்தவில்லை" என்றார்.

"சார்" என்றேன், "அந்தப் பேரு இப்பத்தான் அந்தப் பக்கம் வந்துச்சு."

"எத்தனாவது வரியில?"

"அஞ்சாவதுல."

"இது எத்தனாவது?"

"ஒம்பதாவது."

"அஞ்சும் ஒம்பதும் ஒண்ணா?" என்று கேட்டார் அவர், குழந்தையிடம் கேட்பதுபோல.

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

முடிவுரைப்பாளருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அலுவலகத்தில் 'பொருந்தலை சார்' என்றால்தான் தெரியும். பணிக்காலம் முழுவதிலும் 'பொருந்துகிறது' என்ற சொல்லைப் பதினோரு முறைதான் சொல்லியிருக்கிறார். சொன்ன நாள்களில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்வார். வீட்டில் மனைவி உப்பு சரியா என்று கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார் என்று இரண்டாம் வாசிப்பாளர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. விண்ணப்பத்தில் அறுநூற்றுப் பதினான்கு வரி; ஆய்வில் நானூற்று எண்பதுதான். பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் எதற்கும் இருக்கட்டுமே என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். நானூற்று எண்பதாவது வரியோடு ஆய்வுப் பட்டியல் தீர்ந்ததும் இனி என்ன செய்யப்போகிறார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன். இரண்டாம் வாசிப்பாளர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்கேலைத் தூக்கி அதே பட்டியலின் முதல் வரிக்குக் கொண்டுபோனார். மறுபடி தொடக்கத்திலிருந்து படித்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். இரண்டு ஸ்கேல்களும் நின்றன.

இயக்குநர் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய மேஜைக்குப் பின்னால் சிறிய மனிதர். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"என்ன தம்பி சிரிப்பு?"

"சார், ஒருத்தர் பேரு ரெண்டு பட்டியல்லயும் இருக்கான்னு பாக்கணும்னா, அந்தப் பேரை எதிர்ப்பட்டியல் முழுக்கத் தேடணும் இல்லையா? அதே எண்ணுள்ள வரியில மட்டும் பாத்தா எப்படி?"

இயக்குநர் முன்னால் சாய்ந்தார். "முழுக்கத் தேடணும். சரி. அப்ப ஒரு ஆளுக்கு எத்தனை வாய்ப்பு?"

"நானூத்தி எண்பது."

"ஒரே ஆளுக்கு நானூத்தி எண்பது வாய்ப்பு! இதுக்குப் பேரு என்ன தெரியுமா? சலுகை. இந்தத் துறையில சலுகைக்கு இடமில்லை. ஏழையா இருந்தாலும் பணக்காரனா இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாய்ப்பு, ஒரு வரி. இதுதான் சமத்துவம்."

"சரி சார். சின்னப் பட்டியல் முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து படிக்கிறீங்களே?"

"பின்ன, பாக்கி நூத்தி முப்பத்திநாலு பேரை அம்போன்னு விடச் சொல்றியா?" அவர் குரல் தழுதழுத்தது. "அவங்களும் மனுஷங்கதானே தம்பி. அவங்களுக்கும் பொருந்தாமப் போற உரிமை இருக்கு."

அந்த இடத்தில்தான் நான் எழுந்து நின்று அதைச் சொன்னேன். மூன்று நாள், மூன்று ஊழியர், இரண்டு ஸ்கேல் செய்கிற வேலையை என் கணினி ஒரு நொடியில் ஒரே வரியில் செய்யும் என்றேன். இந்தக் கூடம், இந்த ஸ்கேல், இந்தக் கூச்சல் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியவை என்றும் சேர்த்துச் சொன்னேன். கதவுக்கு வெளியே பொருந்தலை சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இயக்குநர் சிரித்தார். "செஞ்சு காட்டு" என்றார்.

மறுநாள் தொண்ணூற்று நான்கு ஊழியர்களும் கூடத்தில் கூடினார்கள். நான் இரண்டு பட்டியல்களையும் கணினியில் ஏற்றினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். முதல் பட்டியல், இரண்டு சமக்குறி, இரண்டாம் பட்டியல். இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்கிறது அந்த வரி. எத்தனை இடத்தில் ஒன்று என்று கூட்டிச் சொல்லும்படியும் கேட்டிருந்தேன். இதைவிட எளிமையாக உலகில் யாரும் எதையும் கேட்டுவிட முடியாது.

விசையைத் தட்டினேன். திரையில் ஒரு எண் வந்தது. கூடவே சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு வரி. சிவப்பு வரியைப் படித்துப் பார்த்தவர் எங்கள் வகுப்பில் யாரும் கிடையாது. முதல் மதிப்பெண் வாங்கியவள் உட்பட.

எண்: 2.

நான் நானூறுக்குக் குறையாமல் எதிர்பார்த்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் 2. பிறகு பொருந்தலை சார் மெதுவாக எழுந்தார். கண்ணை மூடினார்.

"துறையின் முடிவு இரண்டு. கணினியின் முடிவு இரண்டு." தண்ணீர் குடித்தார். "பொருந்துகிறது."

பன்னிரண்டாவது முறை. கூடம் அதிரக் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்து, "தம்பி, உன் கணினிக்குச் சமத்துவம் தெரியுது" என்றார்.

நான் அறிவியலை நம்புகிறவன். கணினி பொய் சொல்லாது. ஆகவே, துறை சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அது அமைச்சகத்துக்குப் போயிற்று.

அன்று மாலை அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னடா ஆச்சு? நான் இருக்கேனா?"

"இல்லைக்கா. கணினியும் இல்லைன்னுதான் சொல்லுது."

"நான் கண்ணால பாத்தேனே?"

"கண்ணு தப்புப் பண்ணும். கணினி பண்ணாது."

"அப்ப அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கறது யாருடா?" என்றாள். அவள் மெஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள், தேவைக்கு மேல் வேகமாக.

அந்த வெள்ளிக்கிழமை சாவி வழங்கும் விழா. மேடையில் ஒரு தட்டில் இரண்டு சாவிகள். ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி. என் மடியில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். எங்கள் கட்டடமே எதிரில் உட்கார்ந்திருந்தது, அந்த இரண்டு அதிர்ஷ்டசாலிகள் யார் என்று பார்ப்பதற்காக.

பொருந்தலை சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "முதல் வரியில் பொருந்திய பயனாளி. திரு. பெயர்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"திரு. பெயர்!"

பட்டியலின் முதல் வரியில் என்ன இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். தலைப்பு இருக்கும். இரண்டு பட்டியல்களிலும் முதல் வரியில் 'பெயர்' என்று எழுதியிருக்கும்.

இயக்குநர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "இவரைப் பத்தி நான் சொல்லியாகணும். நம்ம துறைக்கு வந்த எல்லாப் பட்டியல்லயும் இவர்தான் முதல் ஆள். எந்தத் திட்டமா இருந்தாலும் எல்லாருக்கும் முன்னாடி வந்து நிப்பார். இப்படி ஒரு பொறுப்புள்ள குடிமகனை நான் பாத்ததில்லை. இப்பவும் எங்கேயோ ஒரு வரிசையில முதல் ஆளா நின்னுட்டிருப்பார். சாவியை எடுத்து வைங்க."

அடுத்தது முந்நூறாவது வரி. அந்தத் துறையில் ஒரே தட்டச்சர்தான். பக்கத்துக்கு ஐம்பது வரி. ஆறு பக்கம் முடியும் இடத்தில் தேநீர் குடிக்கப் போவார். போவதற்கு முன் அடையாளத்துக்கு ஒரு வரியை வெறுமையாக விடுவார். எந்தப் பட்டியலானாலும் அப்படித்தான்.

"முந்நூறாவது வரியில் பொருந்திய பயனாளி" என்றார் பொருந்தலை சார். பிறகு தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தார். அதாவது, எதுவும் படிக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். யாரோ இறந்துவிட்டார்கள்போலிருக்கிறது என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றோம்.

"விளம்பரம் பிடிக்காதவர்" என்றார் இயக்குநர், நெகிழ்ந்துபோய். "பேரைக்கூட வெளியில விடலை பாருங்க. மூணாவது மாடியில நல்ல காத்து வர்ற வீடாப் பாத்து இவருக்குக் குடுத்திருக்கோம்."

கூட்டத்தில் அக்கா எழுந்து போவதைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா விரிசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இப்போது சோப்புப் பெட்டியும் இருந்தது.

"வாங்க மச்சான்" என்றார். "திரு. பெயர் சௌக்கியமா? புது வீட்டுக்குக் குடி போயிட்டாரா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அக்கா. ஊசியை நிறுத்தவில்லை. "டேய், உன் வரியில என்னதான் கேட்டே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இந்தப் பட்டியல்ல இருக்கறதும் அந்தப் பட்டியல்ல இருக்கறதும் ஒண்ணான்னு கேட்டேன்."

"எது எதோட ஒண்ணான்னு?"

"எல்லாம்தான்."

"எல்லாம்னா? இப்ப என் பேரு இருக்கு, இருநூத்திப் பன்னெண்டாவது வரியில. அதை எந்தப் பேரோட வச்சுப் பாத்துச்சு உன் மெஷினு?"

நான் யோசித்தேன். பிறகு யோசிக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சிவப்பு வரியைப் படித்தேன். 'நீளமான பட்டியலின் நீளம், குட்டையான பட்டியலின் நீளத்துக்கு மடங்காக இல்லை' என்று இருந்தது. குட்டைப் பட்டியல் தீர்ந்ததும் கணினி அதையே மறுபடி முதலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. இடையில் எண்ணிக்கை இடிக்கிறதே என்று நாகரிகமாக ஒரு வார்த்தை சொல்லியும் இருக்கிறது.

"அங்க இருக்கற இருநூத்திப் பன்னெண்டாவது பேரோட" என்றேன்.

அக்காவின் ஊசி நின்றது.

"அதைத்தானேடா அந்த ஆபீஸ்ல ஸ்கேல் வச்சுப் பண்றாங்க?"

நான் சிவப்பு வரியை மறுபடி ஒருமுறை படித்தேன்.

"அவங்க பண்ண மூணு நாள் ஆச்சு. நீ ஒரே நொடியில பண்ணிட்டே. நல்லா இருடா ராசா."

மாமா சிரித்த சிரிப்பில் விரிசலிலிருந்து சோப்புப் பெட்டி கீழே விழுந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "அன்னைக்கு விண்ணப்ப வரிசையில நம்ம பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர் எனக்கு முன்னாடி நின்னாரு. ஆய்வுப் பட்டியல்லயும் அவருக்கு அடுத்துதான் நான். நான் துணி மூட்டையோட நிக்கறதைப் பாத்துட்டு, 'நீங்க முன்னாடி போங்கம்மா'ன்னாரு. மரியாதைக்குச் சொல்றாரேன்னு போனேன். போகாம இருந்திருந்தா நான் இருநூத்திப் பதிமூணு, அவர் இருநூத்திப் பன்னெண்டு. ரெண்டு பேருக்கும் வீடு கிடைச்சிருக்கும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மரியாதையால ரெண்டு வீடு போச்சு."

அங்கேயே உட்கார்ந்து வரியைத் திருத்தினேன். இரண்டு சமக்குறிகளை எடுத்துவிட்டு, 'இது அதற்குள் எங்காவது இருக்கிறதா' என்று கேட்கும் சொல்லைப் போட்டேன். நானூற்று எண்பது என்று வந்தது. எங்கள் கட்டடம் முழுவதும், கூடவே திரு. பெயரும் அந்த விளம்பரம் பிடிக்காதவரும்.

திங்கள்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மணியடித்து மூன்று பேரையும் கூப்பிட்டார். என் பழைய அறிக்கையை முதல் வாசிப்பாளரிடமும் புதியதை இரண்டாம் வாசிப்பாளரிடமும் கொடுத்தார்.

"இரண்டு" என்றார் முதலாமவர்.

"நானூற்று எண்பது" என்றார் இரண்டாமவர்.

"பொருந்தவில்லை" என்றார் பொருந்தலை சார். பழைய வேலை திரும்பக் கிடைத்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"தம்பி" என்றார் இயக்குநர், "ஒரே மெஷினு ரெண்டு பதில் சொல்லுது. ஒண்ணு பொய். எது பொய்னு நீயே சொல்லு. முதல்ல சொன்னது பொய்னா, அமைச்சகத்துக்குப் போன உன் கையெழுத்தும் பொய். அப்படின்னு எழுதிக் குடு, உடனே கமிட்டி போட்டிரலாம். ஆனா ஒண்ணு. கமிட்டியில உக்கார விருப்பமுள்ளவங்க பட்டியலையும் தகுதியுள்ளவங்க பட்டியலையும் ஒப்பிட்டுத்தான் ஆள் எடுக்கணும். போன தடவை பதினாலு மாசம் ஒப்பிட்டோம். திரு. பெயரைத் தவிர ஒருத்தரும் பொருந்தலை."

கட்டடத்தை இடிக்கப் பதினோரு நாள் இருந்தது.

"சான்றிதழையும் திருப்பித் தரணும்" என்றார். "கண்ணாடிச் சட்டத்தோட."

நான் அக்காவின் வீட்டை நினைத்தேன். நேர்மையாகச் சொல்வதென்றால் சான்றிதழையும் கொஞ்சம் நினைத்தேன்.

"வேற வழி இல்லையா சார்?"

"ஏன் இல்லை? நாளைக்கு மறுவிண்ணப்ப நாள். பொருந்தாதவங்க எல்லாரும் புதுசா வரிசையில நின்னு எழுதிக் குடுக்கலாம். யாரு எந்த இடத்துல நிக்கறாங்கன்னு துறை தலையிடாது." கையை விரித்தார். "அது மக்களோட சுதந்திரம்."

வெளியே வந்தேன். சுவரில் ஒட்டியிருந்த ஆய்வுப் பட்டியலுக்கு முன்னால் நின்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முதல் வரியில் விரலை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கட்டடம் மொத்தமும் துறையின் வாசலில் இருந்தது. நான் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். கையில் ஆய்வுப் பட்டியலின் நகல். வரி தவறிவிடக் கூடாது என்பதற்காக அக்காவின் தையல் ஸ்கேலை அடியில் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பெயராகக் கத்தினேன். ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். பத்து பேருக்குள்ளேயே தொண்டை கட்டிவிட்டது. மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அன்றைக்குப் பேருந்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"கணினியைக் கொண்டாரலையா மச்சான்?"

"சார்ஜ் இல்லை மாமா" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

தரைத்தள மிதிவண்டிப் பட்டறைக்காரர் ஒன்பதாவது வரிக்கு வரமாட்டேன் என்றார். தான் எப்போதும் முன்னால் நிற்கிற ஆள் என்றார். வீடு வேண்டுமா முன்னிடம் வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டதும் வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் ரொட்டிக்கடைக்காரர் வந்து நின்றார். இருநூற்றுப் பதிமூன்றில் அக்கா வந்தாள், துணி மூட்டையோடு. அவர் திரும்பிப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். முகம் இளகியது.

"அடடா, கனமா இருக்கே. நீங்க முன்னாடி போங்..."

"போகாதேக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் போன ஒரு மிதிவண்டிக்காரர் காலை ஊன்றிவிட்டார். அக்கா ரொட்டிக்கடைக்காரரின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் முன்னால் நிறுத்தினாள். "அண்ணே, கும்பிடறேன். இன்னைக்கு மட்டும் எனக்கு மரியாதை பண்ணாதீங்க."

பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. உள்ளே பொருந்தலை சார். மறுவிண்ணப்பத்துக்குத் தட்டச்சு கிடையாது, பேரேடுதான் பட்டியல். புதுப் பேரேட்டின் முதல் வரியில் 'பெயர்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். இன்றைக்கும் அந்தப் பொறுப்புள்ள குடிமகன்தான் முதலில். வந்தவர்களின் பெயரை அடுத்தடுத்த வரிகளில் எழுதிக்கொண்டே போனார். ஆளுக்கு ஒரு வரி. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேலை இறக்கி, எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதினார். நான் சொன்னேன். அவர் எழுதினார். மதியத்துக்குள் எங்களுக்குள் ஒரு தாளம் வந்துவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதிமூன்று. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஜன்னலைத் தாண்டும்போது என் கையில் இருந்த ஸ்கேலை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்லவள்.

இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது போனதும் நான் கையைக் குறுக்கே நீட்டி, அடுத்து நின்ற செருப்பு தைக்கிறவரைத் தடுத்தேன். ஜன்னலுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"முந்நூறு" என்றேன்.

பொருந்தலை சார் பேனாவைத் தூக்கியபடி எட்டிப் பார்த்தார். "ஆள் எங்கே?"

"இருக்கார் சார். அவர் அப்படித்தான் இருப்பார்."

அவர் காலி இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விழாவில் எல்லாரும் எழுந்து நின்றது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தில் மரியாதை வந்தது. "ஏற்கெனவே வீடு வாங்கினவர் ஆச்சே. மறுபடி எதுக்கு வந்திருக்கார்?"

"பெருந்தன்மை சார். மத்தவங்களுக்காக நிக்கறார்."

அவர் தலையாட்டினார். பேரேட்டில் ஒரு வரியை வெறுமையாக விட்டார். காலி இடத்தின் பக்கம் திருப்பி, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். விதிப்படி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பின்னால் நூற்று எண்பது பேர் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

"ஆச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் கண்ணை மூடினேன்.

"பொருந்துகிறது" என்றேன். பிறகு ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினேன்.